மாடல் கட்டத் தனி அறை: மேசையை விடுங்கள், முதலில் ஜன்னல்

கேள்வி: பிளாஸ்டிக் ஸ்கேல் மாடல்கள் (விமானம், கப்பல், டாங்கி போன்றவற்றின் சிறிய உருவங்கள்) கட்ட வீட்டில் பத்துக்குப் பத்தடி அறை ஒன்று கிடைத்திருக்கிறது. மேசை, ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தூவும் கருவி), ஷோகேஸ் எல்லாம் அதற்குள்ளேயே வர வேண்டும். எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஜன்னலிலிருந்து.

நானும் இதே அளவு அறையில்தான் தொடங்கினேன், ஆனால் தலைகீழாக. அறை கைக்கு வந்ததும் ஒரு சுவர் முழுக்க ஷோகேஸ் அடித்துவிட்டேன். வெளிச்சம் நன்றாக விழுகிறதே என்று மேசையை ஜன்னலோரம் போட்டேன். மிச்சம் இருந்த எதிர்மூலையில் ஸ்ப்ரே பூத், அதாவது பெயிண்ட் புகையை ஃபேன் வைத்து உறிஞ்சி வெளியே தள்ளும் பெட்டி. அதன் குழாய் மூலையில் கிளம்பி, ஷோகேஸைச் சுற்றி, மேசைக்குப் பின்னால் வளைந்து ஜன்னலை எட்டுவதற்குள் நான்கு மீட்டர் ஆகிவிட்டது. ஃபேன் ஓடும், சத்தமும் கேட்கும். லாக்கர் (lacquer) வகைப் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் வாடை மட்டும் அறையை விட்டு நகராது. மூன்று மாதம் தலைவலியோடு பெயிண்ட் அடித்த பிறகுதான் எல்லாவற்றையும் பெயர்த்து இடம் மாற்றினேன்.

அதனால் ஜன்னலை ஸ்ப்ரே பூத்துக்குக் கொடுத்துவிடுங்கள். வெளிச்சத்தை விளக்கு போட்டுக் கொண்டுவந்துவிடலாம், காற்றை அப்படிக் கொண்டுவர முடியாது. குழாய் ஒரு மீட்டருக்குள், முடிந்தால் வளைவே இல்லாமல் வெளியே போகட்டும். துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும் குழாயைவிட உள்பக்கம் வழுவழுப்பான குழாய் மேல். மடிப்பும் வளைவும் காற்றைப் பிடித்து நிறுத்திவிடும்.

ஃபேன் வாங்கும்போது கொஞ்சம் கணக்குப் போடுங்கள். பூத்தின் வாயில் வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்று உள்ளே போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். வாய் 50 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் என்றால் பரப்பு 0.2 சதுர மீட்டர். மணிக்கு 360 கன மீட்டர் காற்று வேண்டும். ஃபில்டரும் குழாயும் இதில் ஒரு பங்கைத் தின்றுவிடும், ஆகவே கூடுதலாகவே வாங்குங்கள். குளியலறைச் சுவரில் பொருத்தும் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் எதிரழுத்தம் வந்தால் திணறும். அதைவிட முக்கியம், அதன் மோட்டார் காற்றோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். லாக்கர் ஆவி தீப்பிடிக்கக் கூடியது. மோட்டார் காற்றுப்பாதைக்கு வெளியே இருக்கிற, நத்தைக்கூடு வடிவ புளோயர்தான் இந்த வேலைக்குச் சரி.

இன்னொன்று பலருக்கும் தோன்றாது. பத்தடி உயரமுள்ள உங்கள் அறையில் இருப்பதே சுமார் 28 கன மீட்டர் காற்று. 360 வீதம் இழுத்தால் ஐந்தே நிமிடத்தில் அறைக் காற்று முழுக்க வெளியே போய்விடும். கதவை இறுகச் சாத்திவிட்டால் அதற்கு ஈடாகக் காற்று எங்கிருந்து வரும்? கதவை ஒரு விரற்கடை திறந்தே வையுங்கள். ஏசி போட்டிருந்தால் குளிர்ச்சியும் அந்த வழியே போய்விடும், வருத்தப்பட்டுப் பயனில்லை.

பூத் இருக்கிறதே என்று மாஸ்க்கை விட்டுவிடாதீர்கள். என்95 துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. லாக்கருக்கும் எனாமலுக்கும் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் வேண்டும். 'நான் தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக்தான் அடிக்கிறேன்' என்பவர்களும் அந்தப் பொடிப்படலத்தை மூச்சில் இழுக்கத்தான் செய்கிறார்கள்.

மேசைக்கு வருவோம். எவ்வளவு பெரிய மேசை போட்டாலும் கடைசியில் நீங்கள் வேலை செய்யப்போவது ஒரு ஏ4 தாள் அளவு இடத்தில்தான். மீதியெல்லாம் ஸ்ப்ரூ (துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்), பெயிண்ட் டப்பா, உப்புத்தாள் துண்டு, 'அப்புறம் எடுத்து வைக்கலாம்' வகையறா. நான் நாலடி மேசையை ஆறடியாக மாற்றிப் பார்த்தேன், குப்பை ஆறடிக்குப் பரவியதுதான் கண்ட பலன். அதற்குப் பதில் சின்னதாய் இரண்டாவது மேசை ஒன்று போடுங்கள். வெட்டுவது, ராவுவது எல்லாம் ஒன்றில், டீக்கால் (எண், சின்னம் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டுவதும் பெயிண்ட் காய்வதும் மற்றொன்றில். பளபளப்பான கறுப்புப் பெயிண்டில் ஒரு தூசி விழுந்து காய்ந்தால் என்ன ஆகும் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

உயரத்தையும் பாருங்கள். எழுதும் மேசை சுமார் 75 செ.மீ. இருக்கும். அதில் குனிந்து இரண்டு மணி நேரம் விமானி அறைக் கருவிப்பலகைக்குப் பெயிண்ட் வைத்தால் கழுத்து போய்விடும். நான் மேசை மேல் 15 செ.மீ. உயரத்தில் ஒரு மரப்பலகை மேடை செய்து போட்டேன். வேலை நெஞ்சு உயரத்துக்கு வந்தது, முழங்கை ஊன்றிக்கொள்ள இடம் கிடைத்தது, கை நடுக்கம் பாதி குறைந்தது. இந்த அறையில் நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான்.

விளக்கு இரண்டு வேண்டும், இடமொன்று வலமொன்று. ஒற்றை விளக்கில் உங்கள் கை நிழலே நீங்கள் பார்க்க வேண்டிய இடத்தில் விழும். 5000 கெல்வின் வாக்கில் (பகல் வெளிச்சம் மாதிரி வெண்மை), சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழே சாம்பல் என்று நினைத்து நான் கலந்த நிறம் மறுநாள் வெயிலில் பச்சையாகச் சிரித்தது.

தரை: கார்பெட் இருந்தால் சுருட்டி வெளியே போடுங்கள். சாமணத்திலிருந்து துள்ளும் துண்டு கார்பெட்டில் விழுந்தால் போனது போனதுதான். பூ வேலைப்பாடு இல்லாத, வெளிர் நிறத் தரைதான் நல்லது. அப்படியும் காணாமல் போனால் வேக்யூம் கிளீனர் வாயில் பழைய மெல்லிய நைலான் காலுறையை மாட்டி உறிஞ்சுங்கள், துண்டு துணியில் ஒட்டி நிற்கும். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்தாலும் நிழல் காட்டிக்கொடுக்கும்.

கம்ப்ரசரை மேசை மேல் வைக்காதீர்கள். அதன் அதிர்வில், பசை காயாத பாய்மரம் ஒன்று என் கண்ணெதிரிலேயே சாய்ந்தது. தரையில் ரப்பர் பாய் விரித்து வையுங்கள். காற்றுத் தொட்டியும் ஈரம் பிடிக்கும் வடிகட்டியும் உள்ளதாக வாங்கி, வேலை முடிந்ததும் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். மின்சாரப் பிளக்குகள் மேசை மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், குனிந்து தேடும் வேலை மிச்சம்.

கட்டாமல் கிடக்கும் கிட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், என் யோக்கியதை அப்படி. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் அடிப்பெட்டி நசுங்கும், உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் துண்டும் சேர்ந்து உடையும். இரண்டு மூன்று பெட்டிக்கு ஒரு தட்டு என்று பிரித்து வையுங்கள். வெயில் படும் சுவர் வேண்டாம், டீக்கால் பழுத்து மஞ்சளாகிவிடும்.

ஷோகேஸை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். என்ன அளவில் கட்டப்போகிறீர்கள் என்று உங்களுக்கே இன்னும் தெரியாது. யமாட்டோ போர்க்கப்பல் 263 மீட்டர் நீளம், 1/350இல் (அசலில் 350இல் ஒரு பங்கு) 75 செ.மீ. வரும், 1/700இல் அதில் பாதி. பி-52 விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 56 மீட்டர், 1/72இல் 78 செ.மீ. 1/35 டாங்கிக்காரர்களுக்குக் கவலையில்லை, டைகர் டாங்கி பீரங்கிக்குழலோடு சேர்த்தே 24 செ.மீ.தான். நான் டாங்கி கட்டிக்கொண்டிருந்தபோது 30 செ.மீ. ஆழத்துக்கு ஷோகேஸ் அடித்தேன். பிறகு ஆசை குண்டுவீச்சு விமானங்கள் பக்கம் போய்விட்டது. பி-17 1/72இல் 44 செ.மீ. இறக்கை. இப்போது என் ஷோகேஸில் அது குறுக்காக, மூக்கு ஒரு மூலையைப் பார்த்தபடி நிற்கிறது.