தினமும் மடல் எதற்குங்க?

வாசகர்களுக்குத் தினமும் மஞ்சள் விலை மடல் அனுப்பியும் திறந்து படிப்பவர்கள் குறைகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஏனுங்க, ஈரோட்டு விலை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. அதையே நீங்களும் அனுப்பினால் யார் திறப்பார்கள்?

வாரம் ஒன்று போதும். ஏல நாளில் பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். விரல் போல் நீண்ட விரலி மஞ்சளுக்கும் உருண்டையான கிழங்கு மஞ்சளுக்கும் விலை ஏன் வேறு, வியாபாரி விரலியை ஒடித்து உள்நிறத்தில் என்ன பார்க்கிறார், சரியாகக் காயாத மூட்டைக்கு விலையில் எவ்வளவு அடி விழுகிறது, இதெல்லாம் விலைப்பட்டியலில் வராது.

நானும் தென்னை பற்றித் தினம் எழுதிக் கை ஓய்ந்தவன்தான். வாடல் நோய் பற்றிப் பத்து நாள் தோப்பு தோப்பாக அலைந்து எழுதிய ஒரே மடலுக்குத்தான் பொள்ளாச்சியிலிருந்து போன் வந்தது.

அப்புறம், எழுத ஒன்றுமில்லாத வாரம் சும்மா விட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டாங்க.