ஓட்டுக் கூரையும் செங்கல் சுவரும் உள்ள பழைய மாட்டுக் கொட்டகையின் சுவரில் கார் நுழைய 10 அடி வாசல் திறக்கலாமா?

திறக்கலாம். ஆனால் கொத்தனார் "முதல்ல உடைச்சிடுவோம், அப்புறம் லிண்டல் போட்டுக்கலாம்" என்றால் மட்டும் தலையாட்டிவிடாதீர்கள் (வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் குறுக்கு உத்தரம்தான் லிண்டல்).

ஓட்டுக் கூரை, செங்கல் சுவர் என்று சொல்லியிருக்கிறீர்கள். செங்கல்லுக்கு நடுவே வீட்டுச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். பொலபொலவென்று கொட்டினால் அது மண் சாந்து, வாசலின் இரு பக்கமும் சிமெண்டில் புதுத் தூண் எழுப்பித்தான் ஆகவேண்டும். எந்தச் சுவர் என்பதும் முக்கியம். முக்கோணமாக உயரும் பக்கச் சுவரில் திறந்தால், முகட்டு உத்தரத்தின் பாரம் வாசலின் நட்டநடுவில் வந்து இறங்கும், பலரும் இதைக் கவனிப்பதில்லை.

ஓடுகளை இறக்கிவிட்டு, லிண்டல் வரும் உயரத்துக்கு மேலே மூன்றடிக்கு ஒன்றாகத் துளை போட்டு, கனமான உத்தரங்களைச் சுவருக்குள் குறுக்கே செருகி, உள்ளேயும் வெளியேயும் ஜாக்கி முட்டு (திருகி உயரம் கூட்டும் இரும்புத் தாங்குகால்) கொடுத்த பிறகுதான் கீழே கை வைக்கவேண்டும். லிண்டல் இரு பக்கமும் முக்கால் அடியாவது உட்காரட்டும். கான்கிரீட் என்றால் 14 நாள் முட்டுகளை எடுக்கக் கூடாது, இரும்பு ஐ-பீம் போட்டால் அந்தக் காத்திருப்பு இல்லை (எனக்கு அதுதான் பிடிக்கும்). பீமுக்கு மேலே இருக்கும் இடைவெளியில், கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற அளவு கெட்டியான சாந்தை இடித்து அடையுங்கள், தளரக் குழைத்துப் பூசினால் சுருங்கி மேலே விரிசல் விடும்.

பீமின் அளவை மட்டும் ஒரு பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள், சரியா?