எங்கள் டெஸ்க்டாப் மென்பொருள் என் கணினியில் நன்றாக ஓடுகிறது, வாடிக்கையாளர் இடத்தில் மட்டும் ஹேங் ஆகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? பேசாமல் வெப்புக்கு மாறிவிடலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாற வேண்டாம். மாறுவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம், ஆனால் ஹேங் ஆவது அதில் சேராது. ஏன் ஹேங் ஆகிறது என்று தெரிந்துகொள்ளாமல் மாறுகிறவர் அதே பழக்கத்தை பிரவுசருக்குள்ளும் கொண்டுபோவார். அங்கேயும் பக்கத்தை வரைவதும் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவதும் ஒரே திரெட்டில்தான், அதாவது வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போகும் ஒரே ஓட்டத்தில்தான்.

நீங்கள் விவரம் அதிகம் கொடுக்கவில்லை, அதனால் நானே ஊகித்துக்கொள்கிறேன். சின்ன கம்பெனி. டாட்நெட், அதில் விண்டோஸ் திரைகளை உருவாக்க உதவும் வின்ஃபார்ம்ஸ். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அவர் எழுதிய புரோகிராம் கோடு உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. வாடிக்கையாளரிடமிருந்து போன் வருகிறது, நீங்கள் போய்ப் பார்த்தால் ஒழுங்காக ஓடுகிறது, திரும்பி வந்ததும் மறுபடி போன். முதலாளி உங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். இந்த நிலைமை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

ஹேங் என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். மவுஸ் கிளிக், கீபோர்டு, 'உன்னை மறுபடி வரைந்துகொள்' என்ற கட்டளை, எல்லாவற்றையும் விண்டோஸ் மெசேஜாக அனுப்புகிறது. ஒரு விண்டோவை எந்த திரெட் உருவாக்கியதோ அந்த திரெட்டின் வரிசையில் அவை போய் நிற்கும். அந்த திரெட் 5 விநாடிக்கு வரிசையை எட்டிப் பார்க்கவில்லை என்றால், விண்டோஸ் அதை ஹேங் என்று முடிவு கட்டி, உங்கள் விண்டோவின் இடத்தில் தானாக ஒரு போலி விண்டோவைப் போட்டு, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று சேர்த்துவிடும். வெளுத்துப்போய்த் தெரிவது அந்தப் போலிதான். ஆக உங்கள் கேள்வி ஒரே ஒரு கேள்வியாகச் சுருங்குகிறது: விண்டோவை உருவாக்கிய அந்த மெயின் திரெட் இந்த நிமிடம் எதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது?

இந்தக் கேள்விக்கு ஹேங் ஆகியிருக்கும் நேரத்தில் மட்டும்தான் பதில் கிடைக்கும். டாஸ்க் மேனேஜரில் 'எண்ட் டாஸ்க்' கொடுத்து மறுபடி திறக்கச் சொன்னால், இருந்த ஒரே தடயமும் போயிற்று. காய்ச்சல் இருக்கும்போதே ரத்தம் எடுத்துப் பார்ப்பது போலத்தான் இதுவும். நம் ஊரில் சப்போர்ட் போனை எடுத்ததும் முதல் வார்த்தையே 'ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்' என்று பழகிவிட்டோம். இந்தப் பழக்கம்தான் ஒரு வாரத்தில் தீரவேண்டிய பிரச்சினையை வருடக்கணக்கில் இழுக்கிறது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். காங்கேயம் பக்கம் ஒரு அரிசி ஆலை. அங்கே வே பிரிட்ஜ், அதாவது லாரி எடைமேடை மென்பொருள். நெல் லாரி மேடையில் ஏறி நிற்கும், எடையைக் காட்டும் இண்டிகேட்டரிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடை கணினிக்கு வரும், ஆபரேட்டர் பட்டனை அழுத்தினால் சீட்டு அச்சாகும். காலையில் ஒரு குறையும் இருக்காது. மதியத்துக்கு மேல் திடீரென்று ஹேங். வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கும், டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள், ஆலைக்காரர் எங்களுக்குப் போன் போடுவார்.

நான் அந்த வேலைக்குள் வருவதற்கு முன்பே பழி சுமத்தாத பொருள் பாக்கியில்லை. கேபிளை மாற்றியிருந்தார்கள். ரேம் கூட்டியிருந்தார்கள். ஆன்டிவைரஸை எடுத்திருந்தார்கள். யூ.பி.எஸ். சரியில்லை என்று புதிது வாங்க வைத்திருந்தார்கள். கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட்டிருந்தார்கள். இது தினமும் வருகிற ஹேங் இல்லை என்பதால், ஒவ்வொன்றை மாற்றிய பிறகும் ஒன்றிரண்டு நாள் சரியாகிவிட்டது போலவே தோன்றியிருக்கிறது.

உண்மையான துப்பைக் கொடுத்தவர் அந்த ஆபரேட்டர்தான், வயதானவர். "தம்பி, நான் எந்திரிச்சுப் போனாத்தானுங்க இப்புடிப் பண்ணுது. உக்காந்தே இருந்தா ஒண்ணும் ஆகறதில்லீங்க" என்றார். இதை அவர் முன்பு வந்தவர்களிடமும் சொல்லியிருக்கிறார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கும் அப்போது காரணம் புரியவில்லை, குறித்துக்கொண்டேன். அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: அடுத்த முறை நின்றால் எதையும் மூடாதீர்கள், எனக்குப் போன் செய்யுங்கள். செய்தார். லாரிகளுக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, போனிலேயே வழி சொல்லி, டாஸ்க் மேனேஜரில் எங்கள் புரோகிராமை ரைட் கிளிக் செய்து 'கிரியேட் டம்ப் ஃபைல்' கொடுக்க வைத்தேன். புரோகிராமின் நினைவகம் அந்த நொடியில் இருந்த நிலையை அப்படியே ஃபைலாக எடுப்பதுதான் டம்ப். ஆலைக்காரர் பக்கத்தில் நின்று சத்தம் போட்டது எனக்கும் கேட்டது. பெரியவர் அசரவில்லை.

அந்த டம்ப்பை விஷுவல் ஸ்டுடியோவில் திறந்து மெயின் திரெட்டின் ஸ்டாக்கை, அதாவது ஒன்றை ஒன்று அழைத்து நிற்கும் ஃபங்ஷன்களின் அடுக்கைப் பார்த்தால், நாங்கள் எழுதிய ஃபங்ஷன் எதுவும் மேலே இல்லை. முழுக்க டாட்நெட்டின் உள்பெயர்கள். சிஸ்டம்ஈவன்ட்ஸ், அதற்குள் ஆன்யூசர்பிரிஃபரன்ஸ்சேஞ்ட், அதற்கு மேல் சிங்க்ரொனைசேஷன் கான்டெக்ஸ்ட்டின் சென்ட், அதற்கு மேல் இன்வோக், உச்சியில் வெயிட். இதைப் பார்த்ததும் பலர் 'மைக்ரோசாஃப்ட் பக்' என்று மூடிவைத்துவிடுவார்கள். மூடாதீர்கள். மெயின் திரெட் இன்னொரு திரெட்டிடம் ஏதோ சொல்லிவிட்டுப் பதிலுக்காக நிற்கிறது என்று அந்த ஸ்டாக் பச்சையாகவே சொல்கிறது.

நடந்தது இதுதான். கணினியை லாக் செய்து திறந்தாலோ, வால்பேப்பரையோ திரையின் தோற்றத்தையோ (தீம்) மாற்றினாலோ, ரிமோட் டெஸ்க்டாப்பில் யாராவது உள்ளே வந்தாலோ, 'அமைப்பு மாறியிருக்கிறது' என்று விண்டோஸ் எல்லா விண்டோக்களுக்கும் அறிவிக்கும். டாட்நெட் அதை வாங்கி, அந்தச் செய்தி வேண்டும் என்று பதிந்துவைத்த ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் (திரையிலுள்ள பட்டன், பெட்டி போன்றவை) சொல்லும். எந்த கன்ட்ரோல் எந்த திரெட்டில் பிறந்ததோ அந்த திரெட்டுக்கே போய்ச் சொல்லும், சொல்லி முடியும்வரை காத்திருக்கும். எல்லா கன்ட்ரோலும் மெயின் திரெட்டில் பிறந்திருந்தால் தொல்லையே இல்லை. இங்கே எடையைப் படிப்பதற்கென்று ஒரு தனி திரெட். பழைய கோடில் அந்த திரெட், எடைத் திருத்த மதிப்பு ஒன்றைப் படிப்பதற்காக செட்டிங்ஸ் ஃபார்மை 'நியூ' போட்டு உருவாக்கியிருந்தது. அந்த ஃபார்ம் திரையில் தெரியவே தெரியாது. ஆனால் அதில் எண்ணை ஏற்றி இறக்கும் நியூமெரிக் அப்-டவுன் பெட்டி ஒன்று இருந்தது. அந்தப் பெட்டி மேற்சொன்ன அறிவிப்புக்குப் பதிந்துகொள்ளும் வகை. அதை உருவாக்கிய திரெட்டோ சீரியல் போர்ட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது, மெசேஜ் வரிசையைப் பார்க்கும் வேலையே அதற்குக் கிடையாது. மெயின் திரெட் வராத பதிலுக்காகக் காலாகாலத்துக்கும் நிற்கும்.

பெரியவர் சாப்பிடப் போகும்போது கணினி தானாக லாக் ஆகியிருக்கிறது. வந்து திறந்தால் ஹேங். அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. என் மேஜையில் விண்டோஸ் கீயையும் எல்-ஐயும் அழுத்தி லாக் செய்து திறந்தேன், ஹேங். மாற்றியது மிகக் கொஞ்சம்: அந்த மதிப்பை மெயின் திரெட்டில் படித்து எடை திரெட்டுக்குக் கையில் கொடுத்தோம், அவ்வளவுதான். யூ.பி.எஸ். வாங்கிய காசு போனது போனதுதான்.

உங்கள் பிரச்சினையும் இதேதான் என்று நான் சொல்லவில்லை. டேட்டாபேஸ் லாக், நெட்வொர்க்கில் காணாமல் போன பிரிண்டர், வேலை முடிந்தும் டிஸ்போஸ் செய்து விடுவிக்காத ஃபான்ட்டும் பேனாவும் சேர்ந்து ஒரு புராசஸுக்கு (ஓடும் புரோகிராமுக்கு) 10,000 ஜி.டி.ஐ. ஆப்ஜெக்ட் (விண்டோஸ் வரையப் பயன்படுத்தும் பொருள்) என்ற வரம்பைத் தொடுவது என்று எதுவாகவும் இருக்கலாம். எதுவானாலும் பிடிக்கும் வழி ஒன்றுதான்.

வாடிக்கையாளர் கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலுள்ள புரோக்டம்ப்பைப் போட்டுவையுங்கள். விண்டோ 5 விநாடி பதில் சொல்லாவிட்டால் தானே டம்ப் எடுக்கும்படி அதற்குச் சொல்லிவைக்கலாம், ஆபரேட்டரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. டாஸ்க் மேனேஜரில் எடுப்பதானால், 64 பிட் விண்டோஸில் ஓடும் 32 பிட் புரோகிராமுக்கு அந்த விண்டோஸிலேயே இருக்கும் 32 பிட் டாஸ்க் மேனேஜரில் எடுங்கள், இல்லாவிட்டால் டம்ப்பைப் படிப்பது பெரும்பாடு. வெளியே கொடுக்கும் ஒவ்வொரு பில்டின் பி.டி.பி. ஃபைலையும் (கோடின் வரிகளைக் குறித்துவைத்திருக்கும் ஃபைல்) பத்திரமாக வையுங்கள், அது இல்லாமல் ஸ்டாக்கில் வரி எண் கிடைக்காது. இன்னொன்று, விண்டோக்களைப் பட்டியலிட்டுக் காட்டும் ஸ்பை பிளஸ் பிளஸ்ஸைத் திறந்து உங்கள் புராசஸில் எந்தெந்த திரெட்டுக்குச் சொந்தமாக விண்டோ இருக்கிறது என்று பாருங்கள். மெயின் திரெட் அல்லாத ஒன்றின் கீழ், நீங்கள் உருவாக்கியதாக நினைவே இல்லாத மறைவான விண்டோ ஒன்று இருந்தால், அங்கேயிருந்து தோண்ட ஆரம்பிக்கலாம்.

ஹேங் ஆகாமலிருக்க 'டூஈவன்ட்ஸ் என்ற கட்டளையைப் போட்டால் போதும்' என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒரு வேலை பாதியில் இருக்கும்போதே அடுத்த கிளிக்கை உள்ளே விடுகிற வேலை அது. சேமிக்கும் பட்டனை அவசரத்தில் இரண்டு தடவை அழுத்துகிற ஆபரேட்டருக்கு ஒரே லாரிக்கு இரண்டு சீட்டு வரும். அதேபோல, வேறு திரெட்டிலிருந்து கன்ட்ரோலைத் தொட்டால் எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) கொடுக்கும் காவலை 2005-ல் டாட்நெட் 2.0-விலேயே வைத்துவிட்டார்கள். அந்தக் காவல் டீபக்கர் (பிழை தேடும் கருவி) இணைந்திருக்கும்போது மட்டும்தான் தானாக வேலை செய்யும். தொல்லையாக இருக்கிறது என்று அதையும் 'ஃபால்ஸ்' போட்டு அணைத்துவைத்திருக்கிற கோடு எத்தனை பார்த்துவிட்டேன்! உங்கள் கோடில் அப்படி ஒரு வரி இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

'இன்னுமா வின்ஃபார்ம்ஸ்?' என்று கீழே கேட்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் 2018-ல் அதை ஓப்பன் சோர்ஸ் ஆக்கியது, இன்றும் டாட்நெட்டோடு வந்துகொண்டிருக்கிறது. திரைகளை உருவாக்கும் இன்னொரு கருவியான க்யூட்டியில் எழுதினாலும் விட்ஜெட்டுகள் (அதன் கன்ட்ரோல்கள்) மெயின் திரெட்டில்தான் இருக்க வேண்டும், ஜாவா ஸ்விங்கிலும் அதற்கென்று ஒரே திரெட்தான். குரோமில் 2021 முதல் வெப் பக்கத்திலிருந்தே சீரியல் போர்ட்டைப் படிக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் வே பிரிட்ஜ் அறையில் நெட் போய்விட்டால் லாரி நிற்கக் கூடாது என்பவருக்கு, உள்ளூரிலேயே ஓடுகிற புரோகிராம்தான் இன்னும் நல்லது என்பது என் முடிவு.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஆலையில் கேபிளுக்கும் ரேமுக்கும் யூ.பி.எஸ்ஸுக்கும் கேட்ட அன்றே காசு கொடுத்தார்கள். வருடாந்திர ஏ.எம்.சி. (பராமரிப்பு ஒப்பந்தம்) பில்லை நீட்டினால் மட்டும் 'சாஃப்ட்வேர்தான் வாங்கியாச்சே, அப்புறம் எதுக்கு வருஷா வருஷம்' என்கிறார்கள். கையில் தொட்டுப் பார்க்க முடிகிற பொருளுக்குத்தான் காசு என்ற எண்ணம் இந்தத் தொழிலில் இருக்கிற சின்ன கம்பெனிகளை அரித்துக்கொண்டிருக்கிறது. பிரச்சினையைத் தேடிக் கண்டுபிடிப்பதும் வேலைதான், அதற்கும் சம்பளம் உண்டு. அதை வாங்க முடியாத கம்பெனிதான் நல்ல ஆட்களைத் தக்கவைக்க முடியாமல், எழுதியவர் போனபின் உங்களைப் போன்றவர் தலையில் கட்டுகிறது.

சரி. டம்ப் எடுத்தபின் ஸ்டாக் புரியவில்லை என்றால், மெயின் திரெட்டின் மேல் வரிகளை மட்டும் காப்பி செய்து கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். டம்ப் ஃபைலையே எங்கேயும் ஏற்றிவிடாதீர்கள். அந்த நேரத்தில் நினைவகத்தில் இருந்த வாடிக்கையாளர் பெயர், பில் விவரம், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எல்லாமே அதற்குள் அப்படியே இருக்கும்.