லிட்டர் விலையைப் பார்த்து வாங்காதீர்கள்: காருக்கு நாமே பெயின்ட் அடிக்க எது கட்டுப்படியாகும்?

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறேன். 2007ஆம் வருட மாருதி 800, வெள்ளை நிறம். பானட்டும் கூரையும் மங்கிவிட்டன, கதவுகளின் அடியில் துரு. அடுத்த வருடம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வருகிறது. பட்டறையில் சொன்ன தொகை என் சக்திக்கு மீறியது. கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் வாடகைக்கு எடுத்து நானே அடிக்கலாம் என்றிருக்கிறேன். கடையில் எனாமல், என்.சி., பி.யூ. என்று மூன்று வகை சொல்கிறார்கள். எனாமல்தான் இருப்பதிலேயே மலிவு. எதை வாங்கினால் செலவு கட்டுப்படியாகும்?

பதில்: கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பானட்டில் ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவி, ரப்பிங் காம்பவுண்டை (மெருகேற்றும் பசை) ஈரத் துணியில் தொட்டு நன்றாகத் தேயுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது சாதா வெள்ளை. அதன் மேல் கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சு கிடையாது. வெயிலில் மேல்தோல் மட்டும் சுண்ணாம்பு போல் பொடிந்திருந்தால், துணியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வரும், அடியில் பளபளப்பு தெரியும். அப்படித் தெரிந்தால் கூரைக்கும் பானட்டுக்கும் பெயின்டே தேவைப்படாமல் போகலாம். கதவடித் துருவை மட்டும் சரிசெய்தால் எஃப்.சி.க்குப் போதும். தேய்க்கும்போது பிரைமரின் (அடிப்பூச்சு) சாம்பல் நிறம் எட்டிப்பார்த்தால் நிறுத்திவிடுங்கள். அங்கே பெயின்ட் தீர்ந்துவிட்டது, அடித்தே ஆக வேண்டும்.

அடிப்பதாக முடிவானால், முதலில் எனாமலை ஒதுக்கிவிடுங்கள். வீட்டுக் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கும் அதே சிந்தெடிக் எனாமல்தான் அது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு மெதுவாகக் காய்வது. ராத்திரி முழுக்க ஈரமாக இருப்பதால் தூசியும் கொசுவும் ஒட்டும். தென்மாவட்ட வெயிலில் சீக்கிரமே மங்கவும் செய்யும். இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய செலவு பின்னால் வருகிறது: எனாமல் மேல் நாளைக்கு என்.சி. அடித்தால், அதிலுள்ள தின்னர் எனாமலை ஊறவைத்துச் சுருக்கிக் கிளப்பிவிடும். அடுத்த முறை பெயின்ட் அடிக்க வேண்டும் என்றால் முழு வண்டியையும் தகரம் வரை சுரண்ட வேண்டியிருக்கும். இன்று மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு அன்று போய்விடும்.

மிச்சம் இருப்பவை என்.சி.யும் பி.யூ.வும். என்.சி. என்பது நைட்ரோசெல்லுலோஸ். பழைய பெயின்டர்கள் இன்றும் 'டூகோ' என்பார்கள். 1920களில் அமெரிக்க டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த பெயின்டின் வணிகப் பெயர் அது, நம் பட்டறைகளில் அப்படியே நிலைத்துவிட்டது. தின்னர் ஆவியாகிப் போனதும் காய்ந்துவிடும், அவ்வளவுதான். அதனால் பத்து இருபது நிமிடத்தில் தொடலாம். அதே காரணத்தால், காய்ந்த பிறகும் தின்னர் பட்டால் கரையும். பி.யூ. அப்படி அல்ல. அது பாலியூரிதேன், பெயின்டும் ஹார்ட்னரும் கலந்ததும் இரண்டும் வினைபுரிந்து இறுகும். ஒரு முறை இறுகினால் தின்னருக்கு அசையாது, பெட்ரோல் சிந்தினாலும் தாங்கும்.

கடைக்காரர் லிட்டர் விலை சொல்வார். என்.சி. ஒரு மடங்கு என்றால் பி.யூ. இரு மடங்கு இருக்கும், அதற்கு ஹார்ட்னர் வேறு. பலர் அந்த இடத்திலேயே என்.சி. டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். லிட்டர் விலையை வைத்து முடிவு செய்யக் கூடாது. காய்ந்த பிறகு தகரத்தில் தங்குவது எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாருதி 800இன் வெளிப்புறத் தகரம் சுமார் 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். வெயிலுக்குத் தாங்க 50 மைக்ரான் தடிமனுக்குக் காய்ந்த பெயின்ட் வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெருக்கினால் 500 மில்லி காய்ந்த பெயின்ட். வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண ஸ்ப்ரே கன்னில் அடித்ததில் நூற்றுக்கு நாற்பது பங்குதான் தகரத்தில் ஒட்டும், மீதி காற்றில் புகையாகப் போகும். ஆக, கன்னுக்குள் போக வேண்டிய கெட்டிப் பொருள் 1,250 மில்லி. கலந்து அடிக்கத் தயாரான பி.யூ.வில் கெட்டிப் பொருள் சுமார் 45 சதவீதம் இருக்கும். அப்படியானால் 2.8 லிட்டர் கலவை போதும்: 2 லிட்டர் பெயின்ட், 1 லிட்டர் ஹார்ட்னர் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். ஒன்றுக்கு ஒன்று தின்னர் ஊற்றிய என்.சி.யில் கெட்டிப் பொருள் ஏறக்குறைய 12 சதவீதம்தான். 10 லிட்டருக்கு மேல் கலவை அடிக்க வேண்டும். அதாவது 5 லிட்டருக்குக் குறையாத பெயின்டும் அதே அளவு தின்னரும். அடித்து முடித்தாலும் என்.சி. தானாக மின்னாது, வாட்டர் பேப்பரும் காம்பவுண்டும் போட்டுத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அந்தத் தேய்ப்பில் போகும் தடிமனையும் சேர்த்து அடிக்க வேண்டும்.

உங்கள் ஊர்க் கடை விலையை இந்த அளவுகளோடு பெருக்கிப் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகையில் வந்து நிற்கும். ஆயுளைப் பார்த்தால் பி.யூ. வெகுதூரம் முந்தும். ஸ்ப்ரே டப்பாவை வைத்து முழுக் காரையும் முடிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அதே கணக்கில் இருபது டப்பாவுக்கு மேல் ஆகும். ஒரு கீறல், ஒரு பக்கக் கண்ணாடியின் மூடி, அதற்கு மட்டும் டப்பா.

அப்படியானால் எல்லாரும் பி.யூ. வாங்கி வீட்டில் அடிக்கலாமே என்று நான் சொல்ல மாட்டேன். ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். ஸ்ப்ரே செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத துளியாகவும் ஆவியாகவும் நுரையீரலுக்குள் போய் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அதற்கு வாசனைகூடத் தெரியாது, அதனால் நாசி எச்சரிக்காது. உடம்பு ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும்; அந்த நிலையிலிருந்து பழையபடி திரும்புவது கடினம். துணி மாஸ்க்கும் கொரோனா காலத்து என்-95உம் ஆவியைத் தடுக்காது. பெரிய பட்டறைகளில் வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடி போட்டுக்கொண்டுதான் பி.யூ. அடிக்கிறார்கள், அல்லது அடிக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கொட்டகையில் அது சாத்தியமில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல், உள்ளே தூங்கும் குழந்தை, வயதானவர்கள் எல்லாரையும் நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே வீசிங் உள்ளவர் என்றால் பி.யூ. கன்னைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

அதனால் என் யோசனை இது. பி.யூ. வாங்குங்கள், தேய்ப்பு, பட்டி (பள்ளம் நிரப்பும் பசை), பிரைமர் வரை நீங்கள் செய்யுங்கள், கடைசி இரண்டு கோட் அடிப்பதை மட்டும் முறையான முகமூடியும் காற்றோட்டமான அறையும் உள்ள ஒரு பட்டறையில் கொடுங்கள். பட்டறை பில்லில் பெரும்பகுதி கூலி, அதிலும் பெரும்பகுதி தேய்ப்புக் கூலி. நாள்கணக்கில் எமரி பேப்பரோடு உட்காரும் வேலை உங்களுடையது என்றால், மிஞ்சுவது அரை நாள் வேலைதான். 'வண்டியைத் தேய்த்து, டேப் ஒட்டி, பெயின்டோடு கொண்டுவருகிறேன், அடித்துத் தர எவ்வளவு?' என்று நேராகக் கேளுங்கள். ஒத்துக்கொள்ளும் பெயின்டர்கள் உண்டு. முழுக்க உங்கள் கையால்தான் முடிக்க வேண்டும் என்றால் என்.சி. வாங்குங்கள், அதன் புகையும் நல்லதல்ல, கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜ் முகமூடி கட்டாயம் வேண்டும், ஆனால் ஐசோசயனேட் கிடையாது. வழிந்தாலும் மணி மணியாக விழுந்தாலும் தேய்த்துவிட்டு அன்றே மறுபடி அடிக்கலாம் என்பது பழகும் கைக்குப் பெரிய உதவி.

இனி வாங்கும் விஷயம். நிறம் வெள்ளை என்பது உங்கள் அதிர்ஷ்டம். எஞ்சின் அறைத் தகட்டில் நிறக் குறியீடு இருக்கும். மாருதியின் சுப்பீரியர் ஒயிட் என்றால் 26யூ. அதிகம் விற்கும் நிறம் என்பதால் மிஷினில் கலக்காமலே ரெடி ஷேடாக அடைத்த டின் கிடைக்கும். கலந்து தருவதைவிட அது மலிவு. மெட்டாலிக் சில்வர் என்றால் பேஸ் கோட், அதன் மேல் கிளியர் கோட் என்று இரட்டைச் செலவு. கன் பிடிக்கும் தூரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் திட்டுத் திட்டாகத் தெரியும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கையில் பணம் குறைவு என்றால் இந்த மாதம் பானட், அடுத்த மாதம் கதவு என்று பிரித்தும் அடிக்கலாம். ஆனால் டின்கள் ஒரே பேட்ச் எண்ணில் இருக்கட்டும். வேறு வேறு என்றால் எல்லாவற்றையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடியுங்கள்.

நிப்பான், கன்சாய் நெரோலாக், நம் சென்னையின் ஷீன்லாக் என்று பல கம்பெனிகள் கார் பெயின்ட் விற்கின்றன. இதில் எது உசத்தி என்று அலைவதைவிட, பெயின்டும் ஹார்ட்னரும் தின்னரும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருப்பது முக்கியம். மிஷின் வைத்துக் கலக்கும் கடைகளில் நிறம் தவறிய டின்கள் ஒதுங்கிக் கிடக்கும்; வெள்ளையில் ஒன்று இருந்தால் பேரம் பேசி வாங்கலாம், முழு வண்டிக்கும் அதையே அடிப்பதென்றால் இம்மி வித்தியாசம் யாருக்கும் தெரியாது. ஹார்ட்னரில் மட்டும் பேரம் வேண்டாம். திறந்த டப்பா காற்றின் ஈரத்தை இழுத்துக் கெட்டுவிடும், உங்கள் கடலோர ஊரில் இன்னும் சீக்கிரம். சீல் உடையாதது, தேதி தாண்டாதது, கலங்காமல் தண்ணீர் போல் தெளிவாக இருப்பது, இவை மூன்றையும் பாருங்கள். கேனில் விற்கும் லூஸ் தின்னரை கன் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், பெயின்டில் ஊற்றாதீர்கள். மழைக்காலத்தில் அப்படி ஊற்றிய என்.சி. அடித்த கையோடு வெள்ளைப் புகை படிந்தது போல் மங்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகரம் குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம்; ஆனி, ஆடிக் காற்றும் வேண்டாம். தை, மாசியில், பனி விலகிய பிறகு காலை எட்டு மணிக்கு மேல், தகரம் சூடேறும் முன் அடிப்பது நல்லது.

பெயின்ட் பட்ஜெட்டில் இன்னொரு மிச்சம் இருக்கிறது: உறுதியாக ஒட்டியிருக்கும் கம்பெனி பெயின்டைச் சுரண்டாதீர்கள். அதைவிட நல்ல பிரைமரை நீங்கள் காசு கொடுத்து வாங்க முடியாது. 400ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் பளபளப்பு போகும் வரை தேய்த்தால் போதும். முன்பு யாராவது அடித்த இடமா என்று தெரிந்துகொள்ள, தின்னர் நனைத்த துணியை அரை நிமிடம் வைத்துத் தேயுங்கள். நிறம் துணியில் வந்தால் அது என்.சி.; அதன் மேல் நேரடியாக பி.யூ. அடித்தால் கிளம்பும், அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். கதவடித் துருவைப் பளபளவென்று வெறும் தகரம் தெரியும் வரை தேய்த்து, உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, எபாக்ஸி பிரைமரை ஸ்ப்ரே இல்லாமல் பிரஷ்ஷாலேயே பூசுங்கள். எபாக்ஸியும் தோலுக்கு ஆகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றன. அவை அடைத்துக்கொண்டதால்தான் துரு வந்திருக்கும், கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள். ஓட்டை விழுந்திருந்தால் பட்டி வைத்து மூடாதீர்கள், பட்டி ஈரத்தை உறிஞ்சி உள்ளே இன்னும் தின்னும். முதலில் டிங்கரிங் (தகர வேலை), அப்புறம் பெயின்ட்.

டேப், எமரி, பட்டி, பிரைமர், தின்னர், முகமூடி எல்லாம் சேர்ந்தால் கார் பெயின்டின் விலையைத் தொட்டுவிடும். அதையும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.

வேறு நிறத்துக்கு மாறும் ஆசை இருந்தால், ஆர்.சி.யில் எழுதியிருக்கும் நிறத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றிப் பதிய வேண்டும் என்பதை மறக்காதீர்கள், இல்லையென்றால் எஃப்.சி.யில் நிற்கும். ராணுவ ஆலிவ் பச்சை மட்டும் தனியார் வண்டிக்கு அடிக்கவே கூடாது, மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி தடுக்கிறது. வெள்ளைக்கே வெள்ளை என்றால் எந்த அலைச்சலும் இல்லை.

எஃப்.சி. தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகவே அடித்து முடித்துவிடுங்கள். பி.யூ. தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரே நாளில் வரும், முழுதாக இறுக ஒரு வாரமாவது ஆகும். அதுவரை ஷாம்பு வேண்டாம், மெழுகு பாலிஷை ஒரு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம். மிஞ்சிய பெயின்டை ஹார்ட்னர் கலக்காமல் சின்னக் கண்ணாடி பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி இறுக மூடி, நிறக் குறியீட்டையும் தேதியையும் ஒட்டி வையுங்கள். முதல் கீறல் விழும்போது புது டின் வாங்க வேண்டியிருக்காது.