பாட்டியின் மொழியும் பள்ளியின் மொழியும்

அன்புள்ள ஐயா,

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரம் பற்றிய உங்கள் பயணக் குறிப்பைப் படித்தேன். 700 மொழிகளுக்கு மேல் இருக்கும் நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் இந்தோனேசிய மொழியில்தான் படிக்கிறார்கள் என்கிறீர்கள். அங்கே யாரும் அதைத் திணிப்பாக நினைக்கவில்லையா? 1965இல் நாம் எவ்வளவு போராடினோம்!

ர. செ., தஞ்சாவூர்

அன்புள்ள ர. செ.,

அங்கே இருந்த நாட்களில் எனக்கும் இதே கேள்விதான். முக்கியக் காரணம், அவர்கள் மிகப் பெரிய இனத்தின் மொழியை எடுக்கவில்லை. மக்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் ஜாவானியர். ஆனால் 1928 அக்டோபர் 28 அன்று உறுதிமொழி எடுத்த இளைஞர்கள், துறைமுகங்களிலும் சந்தைகளிலும் புழங்கிய மலாய் மொழிக்கே இந்தோனேசிய மொழி என்று பெயர் வைத்து ஏற்றார்கள். தாய்நாடு ஒன்று, தேசம் ஒன்று என்றவர்கள் மொழி ஒன்று என்று சொல்லவில்லை. ‘ஒற்றுமையின் மொழியைப் போற்றுகிறோம்’ என்று நிறுத்திக்கொண்டார்கள். அந்த நிதானத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அதற்காக இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் தங்கிய வீட்டில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். திங்கட்கிழமை கொடியேற்றத்துக்கு வெள்ளைச் சட்டை, சிவப்புக் கால்சட்டை, டை, தொப்பியோடு கிளம்புவான். கிளம்பும்முன் பாட்டியின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வான். பாட்டி ஜாவானியத்தில் பேசினால் அவன் இந்தோனேசிய மொழியில் பதில் சொல்வான்.

ஏன் என்று அவன் அம்மா விளக்கினார். ஜாவானியத்தில் ஆளுக்கேற்ப சொல்லே மாறும். கூட்டாளியிடம் சாப்பிட்டதைச் சொல்ல ‘மஙான்’. பெரியவரிடம் தான் சாப்பிட்டதைச் சொல்ல ‘நெடோ’. அந்தப் பெரியவர் சாப்பிட்டாரா என்று கேட்க ‘டஹார்’. மாற்றிச் சொன்னால் மரியாதைக் குறைவு. இந்தோனேசிய மொழியிலோ யாரிடமும் ‘மாக்கான்’ என்றால் போதும். தப்பாகிவிடுமோ என்ற பயத்திலேயே பிள்ளைகள் பாட்டியின் மொழியை விட்டு ஒதுங்குகிறார்கள். எனக்கு மனசு கனத்துப் போனது.

பள்ளியில் ஜாவானியம் ஒரு பாடமாக இருக்கிறது, பழைய எழுத்தும் சொல்லித் தருகிறார்கள். தொடக்க நிலையில் வட்டார மொழியிலேயே பாடம் நடத்த 2003ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த வாசலை இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும் என்பேன்.

ஒரு சாயங்காலம் அந்தப் பையன் ஜாவானிய வீட்டுப்பாட நோட்டோடு சமையலறைக்கு வந்தான். நெடோ எங்கே வரும், டஹார் எங்கே வரும் என்று கேட்டான். பாட்டி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.