இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்தில் மக்கள் எதற்குக் கவலைப்படுவார்கள்?

கேள்வி கேட்டவர் அறுநூறு பேர் வாழும் ஓர் ஆங்கிலக் கிராமத்துக்குக் குடிபோகப் போகிறாராம். “அவ்வளவு அமைதியான ஊரில் பேசவும் கவலைப்படவும் என்ன இருக்கும்?” என்று கேட்டிருக்கிறார்.

நாய் மலம். கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே முதலிடம் அதற்குத்தான்.

கிழக்கு இங்கிலாந்தில், கோதுமையும் சுகர் பீட்டும் விளையும் வயல்களுக்கு நடுவே ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு வில்லேஜ் ஹால். கடை கிடையாது. மாதம் ஒருமுறை ஊர்ப் பத்திரிகை வரும். தேவாலயத்தில் பூ அலங்காரம் செய்வது யார் முறை, புகைபோக்கி சுத்தம் செய்ய யாரைக் கூப்பிடலாம், வீட்டைச் சூடாக்கும் எண்ணெயை ஊரே சேர்ந்து வாங்கும் தேதி எது, எல்லாம் அதில் இருக்கும். (பல கிராமங்களுக்கு எரிவாயுக் குழாய் வந்ததே இல்லை. மண்ணெண்ணெய் லாரிதான். பெரும்பாலும் 500 லிட்டருக்குக் குறைந்து தரமாட்டார்கள். ஊராகச் சேர்ந்து வாங்கினால் விலை குறையும், வந்ததும் முதலில் அதில் சேர்ந்துவிடுங்கள்.) ஆனால் எல்லோரும் முதலில் புரட்டுவது கடிதப் பக்கத்தைத்தான். நாய் மலத்தைப் பையில் எடுத்து, முடிச்சுப் போட்டு, அதை வேலி மரக்கிளையில் மாட்டிவிட்டுப் போகும் ஆள் யார் என்று மாதாமாதம் விசாரணை நடக்கும். எடுக்காமல் விட்டாலாவது மழையில் கரையும், பையில் போட்டு ஏன் தொங்கவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

சரி, கொஞ்சம் தீவிரமான விஷயத்துக்கு வருகிறேன். வந்த புதிதில் என் வீட்டு வாசலில் ஒரு சாலைக் குழி. பாரிஷ் கவுன்சில் கூட்டத்துக்குப் போய்ப் புகார் சொல்லலாம் என்று கிளம்பினேன். பாரிஷ் கவுன்சில் என்பது நம் ஊராட்சி மன்றத்துக்குத் தூரத்துச் சொந்தம். 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது, இன்று இங்கிலாந்தில் சுமார் 10,000 பாரிஷ், டவுன் கவுன்சில்கள் இருக்கின்றன. உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது, கிளார்க் ஒருவருக்கு மட்டும் உண்டு. கூட்டத்தில் என்ன பேசப் போகிறார்கள் என்பதை மூன்று முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட வேண்டும்.

நான் குழியைப் பற்றிச் சொன்னதும் தலையாட்டிக் கேட்டார்கள். கிளார்க் அம்மா மெதுவாக, “சாலை எங்களுடையது இல்லையே, கவுண்ட்டியுடையது” என்றார். இரண்டு நிமிடத்தில் என் விஷயம் முடிந்தது. அப்புறம் பசுந்திடலில் இருக்கும் பழைய பெஞ்சைப் பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா என்று நாற்பது நிமிடம் பேசினார்கள். மரமா, மறுசுழற்சி பிளாஸ்டிக்கா? யார் நினைவாக? குளத்தைப் பார்த்தா, சாலையைப் பார்த்தா? வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

சிரிப்பு அடங்க ஒரு வருடம் ஆனது. இங்கே அதிகாரம் மூன்று அடுக்கு: மேலே கவுண்ட்டி, அதற்குள் மாவட்டங்கள், அடியில் பாரிஷ். எங்கள் பக்கத்தில் சாலை, பள்ளி, பேருந்து மானியம் எல்லாம் கவுண்ட்டி கையில். குப்பையும் கட்டட அனுமதியும் மாவட்டத்தின் கையில். பாரிஷுக்கு மிஞ்சுவது பெஞ்ச், நோட்டீஸ் போர்டு, விளையாட்டுத் திடல், சில ஊர்களில் இடுகாடு. ஊர் தானாக முடிவெடுக்கக்கூடியது அந்தப் பெஞ்ச் மாதிரி விஷயங்கள்தான் என்றால் நாற்பது நிமிடம் பேசத்தானே செய்வார்கள்? 2021-ல் செஷயர் பக்கம் ஹேண்ட்ஃபோர்த் என்ற ஊரின் ஜூம் கூட்டச் சண்டை உலகம் முழுக்கச் சுற்றியது நினைவிருக்கலாம். கூட்டத்தை நடத்திக்கொடுக்க வந்திருந்த ஜாக்கி வீவர் என்ற அம்மையாரைப் பார்த்து, உனக்கு இங்கே அதிகாரமே இல்லை என்று ஒருவர் கத்துவார். எல்லோரும் வேடிக்கையாகப் பார்த்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் நடைமுறைப்படி யார் செய்தது சரி என்று விவாதித்தார்கள்.

குழிக்கு வருகிறேன். பல கவுண்ட்டிகளில் ஆழம் 40 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் பழுதுபார்ப்புப் பட்டியலில் ஏறும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழிக்குள் அளவுகோலை நிறுத்திப் படமெடுக்கும் பெரியவர்களைப் பார்ப்பீர்கள். பயப்பட வேண்டாம். அதேபோல, பளிச்சென்ற மஞ்சள் அங்கி போட்டு, சாலையோரம் வண்டிகளின் வேகத்தை அளக்கும் கருவியுடன் நிற்பவர்களும் போலீஸ் அல்ல, ஊர்த் தன்னார்வலர்கள். அவர்களால் அபராதம் போட முடியாது, வண்டி எண்ணைக் குறித்துக் கொடுப்பார்கள், போலீஸிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வரும். எனக்கே ஒன்று வந்தது. வேகத்தை அளந்தவர் எதிர் வீட்டுக்காரர். மறுநாள் வழக்கம்போல வணக்கம் சொன்னார்.

ஊரை உண்மையில் இரண்டாகப் பிளப்பது புது வீடுகள். கம்பத்தில் ஓர் அறிவிப்பு தொங்கும், கருத்துச் சொல்ல 21 நாள். எங்கள் ஊர் வயல் ஒன்றில் நாற்பது வீடு என்று அப்படித் தொங்கியபோது பெரும்பாலானவர்கள் எழுதிய ஆட்சேபம் “என் ஜன்னல் காட்சி போய்விடும்”, “என் வீட்டு விலை குறையும்” என்பதுதான். இரண்டையும் சட்டம் கணக்கிலேயே எடுக்காது. போக்குவரத்து, மழைநீர் வடிகால், பக்கத்து வீட்டின் அந்தரங்கம் என்று எழுதினால்தான் படிப்பார்கள். ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இங்கே வாடகை கொடுக்கவே கட்டுப்படியாகவில்லை என்று ஒரு பெண் எழுந்து சொன்னபோது ஹாலில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊரே தனக்கு ஒரு வளர்ச்சித் திட்டம் எழுதி வாக்கெடுப்பில் நிறைவேற்றலாம். புதுக் கட்டடங்களுக்கான அடிப்படை வசதி வரி வசூலிக்கும் மாவட்டங்களில், அப்படித் திட்டம் வைத்திருக்கும் பாரிஷுக்கு அதில் 25 சதவீதம் வரும். இல்லாவிட்டால் 15தான். எங்களுடையது பாதியில் நிற்கிறது. எழுதிக்கொண்டிருந்தவர் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோய்விட்டார்.

நீங்கள் இந்தியக் குடியுரிமையோடு போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். காமன்வெல்த் குடிமக்கள் முறையான விசாவில் இருந்தாலே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்த பிறகு போட்டியிடவும் செய்யலாம். போட்டி என்று பெயர்தான், பல ஊர்களில் நாற்காலியை நிரப்ப ஆள் கிடைப்பதே பாடு.

கடைசியாகப் பேருந்து. ஓய்வூதியர்களுக்கு இலவச பாஸ் உண்டு, ஆனால் பல இடங்களில் வார நாட்களில் காலை 9.30-க்கு மேல்தான் செல்லும். எங்கள் ஊருக்குச் சந்தை நாளான புதன்கிழமை மட்டும் ஒரே ஒரு பேருந்து, அதுவும் 9.22-க்கு வந்தது! எட்டு நிமிடத்துக்காக எண்பது வயதுக்காரர்கள் காசு கொடுத்துப் போனார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் இதைக் கையில் எடுத்தார். (பெரியம்மா என்று நான்தான் மனதுக்குள் வைத்திருக்கிறேன். இங்கே அந்த வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு நாக்கு புரள இரண்டு வருடம் ஆனது.) பதினான்கு மாதம் கடிதம் எழுதினார். தட்டச்சும் மின்னஞ்சலும் என் பொறுப்பு. ஒவ்வொரு பதிலிலும், பரிசீலிக்கிறோம் என்ற வரி இருக்கும். பெரியம்மா அதைச் சிவப்புப் பேனாவில் அடிக்கோடிட்டுக் கோப்பில் போட்டுவிட்டு அடுத்த கடிதத்தைச் சொல்ல ஆரம்பிப்பார்.

இப்போது பேருந்து 9.34-க்கு வருகிறது. அதை அறிவிக்கும் காகிதத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று, ஊர்க் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார்: நிறுத்தத்தில் உட்கார பெஞ்ச் இல்லையே, என்ன செய்யப் போகிறோம்?