ஆறு கார் ஓடிய பந்தயமும் நான்காம் இடமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பெருந்துறைப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஆண்டு விழாவுக்காக ‘கொங்கு மண்ணின் மறக்க முடியாத விளையாட்டுத் தருணங்கள்’ என்று ஒரு பலகை தயார் செய்கிறோம். 2005இல் அமெரிக்காவில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்ததை முதலில் வைத்தேன். எங்கள் கணக்கு ஆசிரியர், “ஏனுங் சார், மொத்தமே ஆறு காரு ஓடுன ரேசுங்க அது. அதுல நாலாவது வந்ததைப் போயி முதல்ல வெச்சிருக்கறீங்களே” என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மற்ற கார்கள் டயர் கோளாறால் விலகின என்று மட்டும் தெரியும். டயர் சரியில்லை என்றால் வேறு டயர் மாட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதானே? இதைப் பலகையில் வைக்கலாமா? வைத்தால் என்ன எழுதுவது?

க. செ., பெருந்துறை

அன்புள்ள க. செ.,

தாராளமாக வையுங்கள். ஆனால் ‘நான்காம் இடம்’ என்று மட்டும் எழுதினால் உங்கள் கணக்கு ஆசிரியர் கேட்பது நியாயமாகிவிடும். அன்று என்ன நடந்தது என்பதையும் சேர்த்து வைக்க வேண்டும்.

பந்தயம் நடந்தது 2005 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை, இந்தியானாபோலிஸில். அந்த ஊரின் பெரிய முட்டை வடிவ ட்ராக்கில் ஒரு பகுதியையும், உள்ளே போட்ட வளைவுச் சாலையையும் சேர்த்து ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு பாதை அமைத்திருந்தார்கள். ஒரு சுற்று 4.192 கிலோமீட்டர், மொத்தம் 73 சுற்று. இதில் 13ஆம் வளைவுதான் கதையின் மையம். மற்ற வளைவுகள் சமதளம். இது மட்டும் முட்டைப் பாதையைச் சேர்ந்தது என்பதால் வெளிப்பக்கம் ஒன்பது டிகிரிக்குச் சற்று மேல் உயர்ந்து சாய்வாக இருக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே அதைக் கடந்து நேர்ச்சாலைக்கு வருவார்கள்.

கணக்கு ஆசிரியர் இருக்கிறார் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். அந்த வளைவின் ஆரம் 840 அடி, அதாவது 256 மீட்டர். வேகத்தை மணிக்கு 290 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 80 மீட்டர் சொச்சம். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 25 வரும், புவியீர்ப்பைப் போல் இரண்டரை மடங்கு. சமதள வளைவில் இந்த விசை முழுவதும் பக்கவாட்டில் போகும். சாய்வு வளைவில் அதில் ஒரு பங்கு காரைத் தரையோடு சேர்த்து அழுத்தும். ஒன்பது டிகிரிக்கு சைன் மதிப்பு 0.16, 25ஐ அதால் பெருக்கினால் 4, அதாவது புவியீர்ப்பில் பத்தில் நான்கு பங்கு. ஓட்டுநரோடு சேர்த்து 600 கிலோ எடையுள்ள காரின் மேல் இன்னொரு 240 கிலோவை ஏற்றியது போல. இறக்கைகள் காற்றால் கொடுக்கும் அழுத்தம் இதற்கு மேல் தனி. வளைவு வலப்புறம் திரும்புவதால் பாரம் இடப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். அவற்றிலும் பின் சக்கரம் இன்ஜினின் இழுவையையும் தாங்கியாக வேண்டும். ஆகவே இடது பின் டயர்.

அந்த டயரின் விட்டம் 66 சென்டிமீட்டர். வளைவின் நீளம் கால் மைல். ஒரு தடவை வளைவைக் கடப்பதற்குள் டயர் இருநூறு முறைக்குக் கொஞ்சம் குறைவாகச் சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவர் ஒரு முறை நசுங்கி நிமிரும். சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: காற்று குறைந்த டயரில் பாரம் ஏற்றி ஓட்டினால் அது உடனே வெடிக்காது, பக்கச்சுவர் மடங்கி மடங்கி உள்ளுக்குள் சூடேறி, நூலும் ரப்பரும் பிரிந்து, பல கிலோமீட்டர் தாண்டித்தான் கிழியும். அன்று பதினான்கு கார்களுக்கு டயர் கொடுத்த மிஷெலின் கம்பெனியின் டயர்களுக்கு நடந்தது இதே வகைச் சேதம். டயரின் மேல்பரப்பு தேயவில்லை. பக்கச்சுவர்தான் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே இது வெளிப்பட்டது. டொயோட்டா ஓட்டுநர் ரால்ஃப் ஷூமாக்கரின் இடது பின் டயர் 13ஆம் வளைவில் போய், கார் சுவரில் மோதியது. இதே வளைவில் 2004லும் அவர் மோதி முதுகெலும்பில் அடிபட்டு ஆறு பந்தயங்களைத் தவறவிட்டவர். இந்த முறை அவர் ஓட்டவில்லை. ரிக்கார்டோ ஸோன்டா அந்த இருக்கைக்கு வந்தார்.

மீதி ஆறு கார்களுக்கு டயர் கொடுத்த பிரிட்ஜ்ஸ்டோன் எப்படித் தப்பியது? முந்தைய ஆண்டுப் பந்தயத்துக்குப் பிறகு அந்த முட்டைப் பாதைக்குப் புதுத் தளம் போட்டு, பிடிமானத்துக்காக வைரச் சக்கரத்தால் நுண்ணிய கோடுகள் இழுத்திருந்தார்கள். பிடி கூடினால் டயர் மேல் விழும் விசையும் கூடும். பிரிட்ஜ்ஸ்டோனின் சொந்தக் கிளையான ஃபயர்ஸ்டோன்தான் மே மாதம் அதே இடத்தில் நடக்கும் 500 மைல் பந்தயத்துக்கு டயர் கொடுப்பது. புதுத் தளம் டயரை என்ன செய்கிறது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வாய்ப்பிருந்தது. மிஷெலினுக்கு அந்த வழி இல்லை.

இனி, வேறு டயர் மாட்டியிருக்கலாமே என்ற உங்கள் கேள்வி. 2005இல் மட்டும் ஒரு விதி இருந்தது: தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றுக்கும் பந்தயம் முழுவதற்கும் ஒரே செட் டயர். பஞ்சரோ ஆபத்தோ இல்லாமல் நடுவில் மாற்றக் கூடாது. அதையும் மீறி மிஷெலின் பிரான்ஸிலிருந்து வேறு டயர்களை விமானத்தில் வரவழைத்தது. சோதித்தபோது அவையும் அந்த வளைவைத் தாங்காது என்றே தெரிந்தது. பத்துச் சுற்றுக்கு மேல் உத்தரவாதமில்லை, 13ஆம் வளைவில் வேகத்தைக் குறைக்க ஏற்பாடு செய்யாவிட்டால் ஓட வேண்டாம் என்று தன் அணிகளிடம் சொல்லிவிட்டது. அப்படிச் சொல்ல ஒரு டயர் கம்பெனிக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். வாயை மூடிக்கொண்டு ஓட விட்டிருந்தால் ஓர் உயிர் போயிருக்கலாம்.

வளைவுக்கு முன் தடுப்பு வைத்து ஒரு நெளிவு போட்டால் எல்லாரும் ஓடலாம் என்று பத்து அணிகளில் ஒன்பது ஒப்புக்கொண்டன; ஃபெராரி மட்டும் சேரவில்லை. மோட்டார் பந்தயங்களை நடத்தும் சர்வதேசக் கூட்டமைப்பு மறுத்தது. யாருமே ஓட்டிப் பார்க்காத வளைவை ஒரே இரவில் வைப்பது ஆபத்து, சரியான டயரோடு வந்தவர்களுக்கு அது அநியாயம் என்பது அவர்கள் வாதம். என் கருத்தில் அந்த மறுப்பு சரியானதே. அதற்குப் பதிலாக அவர்கள் மூன்று வழி சொன்னார்கள்: 13ஆம் வளைவில் மட்டும் மெதுவாகப் போகலாம், அடிக்கடி டயர் மாற்றலாம், அல்லது ஒவ்வொரு சுற்றிலும் பிட் பாதை (டயர் மாற்ற, பழுது பார்க்க கார்கள் ஒதுங்கும் பாதை) வழியாக வளைவைத் தவிர்க்கலாம். அணிகள் எதையும் ஏற்கவில்லை. அன்று புள்ளி முதல் எட்டு இடங்களுக்கு. ஓடியவை ஆறு கார்கள்தான். மெதுவாகவாவது ஓடி முடித்திருந்தால் ஏழாம் இடத்துக்கு 2, எட்டாம் இடத்துக்கு 1 என்று மூன்று புள்ளிகள் யாரும் எடுக்காமல் கிடந்தன. இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை.

பந்தயம் தொடங்குமுன் வரிசையாக ஓடும் ஃபார்மேஷன் லேப்பில் இருபது கார்களும் கிளம்பின. சுற்று முடிவில் மிஷெலின் போட்ட பதினான்கும் வரிசையாக பிட்டுக்குள் திரும்பின. முதல் இடத்தில் நிற்க வேண்டிய டொயோட்டாவின் யார்னோ ட்ரூலியும் அதில் அடக்கம். இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி ஆகியவை மட்டும் தங்கள் தங்கள் இடத்தில் போய் நின்றன. ஐந்தாம் இடத்தில் ஃபெராரியின் மைக்கேல் ஷூமாக்கர், முன்னால் வெறும் தார். வரிசையின் கடைசியில் ஜோர்டானும் மினார்டியும். காசு கொடுத்து வந்த ஜனங்கள் கூச்சலிட்டு, பாட்டில்களை ட்ராக்கில் எறிந்தார்கள். அவர்கள் கோபத்தில் தவறில்லை. பிறகு மிஷெலின் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது.

நரேனின் அணியான ஜோர்டான் ஓடியிருக்கக் கூடாது என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஜோர்டான் விலகினால் தானும் விலகுவதாக மினார்டியின் உரிமையாளர் பால் ஸ்டோடர்ட் சொல்லியிருந்தார். ஜோர்டான் ஓடுவதென்று முடிவு செய்ததும் மினார்டியும் இறங்கியது. அவர்கள் டயரில் குறையில்லை. விதிப்படி ஒரே செட்டில் 73 சுற்று ஓடக்கூடிய டயரோடு வந்தவர்கள் எதற்காக நிற்க வேண்டும்? அதுமட்டுமல்ல, அந்த ஆண்டு முழுவதும் ஒரே செட் விதியால் அடி வாங்கியது பிரிட்ஜ்ஸ்டோன் பக்கம். 2005இல் மைக்கேல் ஷூமாக்கருக்குக் கிடைத்த ஒரே வெற்றி இது என்பதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். பத்தொன்பது பந்தயங்களில் பதினெட்டில் மிஷெலின் வென்றது. அப்போது அதை யாரும் குறைத்துச் சொல்லவில்லை.

முடிவு இது: மைக்கேல் ஷூமாக்கர், ஒன்றரை விநாடி பின்னால் அதே ஃபெராரி அணியின் பாரிக்கெல்லோ, ஒரு சுற்றுப் பின்தங்கி ஜோர்டானின் டியாகோ மான்டெய்ரோ, அவருக்கு அடுத்து நரேன், இரண்டு சுற்றுப் பின்தங்கி மினார்டியின் ஆல்பர்ஸும் ஃப்ரீசாகரும். ஃபார்முலா ஒன்னில் ஓட்டுநரை அளக்க நம்பகமான கோல் அதே காரில் ஓடும் சக ஓட்டுநர்தான். அந்தக் கோலில் வைத்தால் நரேன் அன்று மான்டெய்ரோவுக்குப் பின்னால். மேடை ஏறும் வாய்ப்பு அங்கேதான் போயிற்று. மினார்டிகளைவிட ஒரு சுற்று அதிகம் ஓடினார். காலி நேர்ச்சாலையில், எறிந்த குப்பைக்கு நடுவே, ஒரே செட் டயரைக் காப்பாற்றிக்கொண்டு 72 சுற்று, ஏறக்குறைய 302 கிலோமீட்டர் ஓடி முடித்தார். அன்று இறங்கிய ஆறு கார்களும் முடித்தன, ஒன்றுகூட மோதவில்லை.

இதை அந்தச் சிறிய அணியின் கணக்கிலிருந்து பார்த்தால் எடை புரியும். 2005 முழுவதும் ஜோர்டான் எடுத்த புள்ளி 12. அதில் 11 இந்த ஒரு நாளில் வந்தவை: மான்டெய்ரோவின் 6, நரேனின் 5. மினார்டியின் 7 புள்ளிகளும் இதே நாளில். இன்றுவரை ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த ஒரே இந்தியர் நரேன்.

ஆனாலும் பலகையில் முதல் தேதியாக நான் வைக்கச் சொல்வது 2005 மார்ச் 6, மெல்போர்ன். அன்றுதான் ஒரு இந்தியர் முதன்முதலாக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார், அவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர். தகுதிச் சுற்றில் 12ஆம் இடம், பந்தயத்தில் 15. மழை வந்து வரிசையைப் புரட்டிப்போட்ட தகுதிச் சுற்று என்பதால் அந்தப் 12இல் வானிலைக்கும் பங்குண்டு. அதைச் சொல்லிவிட்டே எழுதுங்கள். அதற்குக் கீழே இந்தியானாபோலிஸுக்கு இப்படி ஒரு வரி: ‘2005 ஜூன் 19, இந்தியானாபோலிஸ். டயர் பாதுகாப்புக் காரணத்தால் 14 கார்கள் விலகிய பந்தயத்தில் ஜோர்டான் காரை ஓட்டி நான்காம் இடம், 5 புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர்.’ ‘மேடை ஏறினார்’ என்றோ ‘விபத்துகளால் மற்றவர்கள் வெளியேறினர்’ என்றோ சிலர் எழுதுகிறார்கள். இரண்டும் பிழை.

அந்தப் பலகையில் இன்னொரு பெயருக்கு இடம் கொடுங்கள்: எஸ். கரிவரதன். விலையுயர்ந்த வெளிநாட்டு ரேஸ் கார் இல்லாமலே நம் பையன்கள் ஒற்றை இருக்கைக் காரில் பழக, மாருதி இன்ஜினை வைத்து கோவையில் கார் கட்டியவர். நரேன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியதும் அந்த ஃபார்முலா மாருதியில்தான், ஸ்ரீபெரும்புதூரில். 1995இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் இருப்பது. மாணவர்களை ஒரு நாள் அங்கே கூட்டிப் போக முடிந்தால், வண்டிகள் நின்ற பிறகு டயரின் பக்கச்சுவரையும் மேல்பரப்பையும் தனித்தனியே பார்க்கச் சொல்லுங்கள். ட்ராக்கின் ஓரத்தில் சிதறிக் கிடக்கும் ரப்பர்த் துகள் மேல்பரப்பிலிருந்து வந்தது. அது தேய்மானம், கண்ணுக்குத் தெரியும். பக்கச்சுவரின் சேதம் பெரும்பாலும் உள்ளே நடக்கும்.

சேலத்தையும் கொங்கில் சேர்ப்பதானால், சேர்க்க வேண்டும் என்பதே என் விருப்பம், இன்னும் இரண்டு பேர். பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்ஸ், டி42 உயரம் தாண்டுதல், 1.89 மீட்டர், தங்கம். பிரிவின் பெயரை விடாமல் எழுதுங்கள். ஒவ்வொரு பிரிவும் உடல் குறைபாட்டின் வகையைப் பொறுத்து அமைந்தது. பிரிவு இல்லாமல் உயரத்தை மட்டும் போட்டால் படிப்பவர் தப்பான ஒப்பீடு செய்வார். அடுத்தது சின்னப்பம்பட்டியின் கிரிக்கெட் வீரர் நடராஜன். பயிற்சியில் மட்டும் பந்து போடும் வலைப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், அதே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார்: 2020 டிசம்பர் 2 ஒருநாள், டிசம்பர் 4 இருபது ஓவர், 2021 ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட். டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட். அதில் ஒன்று சதமடித்த லபுஷேன். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் தோற்ற முதல் டெஸ்ட் அது. பலகையில் மூன்று தேதிகளையும் தனித்தனி வரியாகப் போடுங்கள்.